குப்பம்மாளின் இடப்பக்கம்

காசியம்மாளின் முன்பற்கள் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. பறியின் கயிறு அரைத்து அரைத்து உண்டான பள்ளம். பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பல்லில் அப்படி ஒரு தடம் இருக்கும். ஆனால் அவளுடையது கொஞ்சம் ஆழம். மற்றவர்கள் பறியில் ஒருத்தர் பிடித்த இறால் கனத்தது. அவள் பறியில் இரண்டு பேர் பிடித்தது கனத்தது. காரணம் அவ்வளவுதான்.

பறி என்பது பனை ஓலையில் பின்னிய, வாய் குறுகிய கூடை. இறால் பிடிக்கிறவர் தண்ணீரில் முழங்காலிட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இடுப்பில் கட்டினால் பறி முங்கிப் போகும், உள்ளே போட்டதெல்லாம் வந்த வழியே வெளியேறிவிடும். அதனால் அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தாடைக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே, பறியின் வாய் நிற்கும். பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நகர்வார்கள். எல்லோர் வாயிலும் கயிறு. ஊர்வம்பு நடக்காத ஒரே இடம் தண்ணீர்தான் என்று ஆண்கள் பெண்களைக் கேலி செய்வார்கள். பெண்கள் அதையே திருப்பிக் கொடுப்பார்கள், கரை ஏறிய பிறகு.

தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்றுதான். எது நடந்தாலும் பறியை விடாதே. நண்டு கடிக்கட்டும், காலில் கிளிஞ்சல் கிழிக்கட்டும், பறியை விட்டால் அன்றைக்கு அடுப்பு இல்லை. குப்பம்மாளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவள் வாழ்க்கை கெட்டதும் அந்தப் பாடத்தால்தான் என்று நான் சொல்வேன்.

குப்பம்மாள் காசியம்மாளின் நாத்தனார், புருஷன் மாரியின் தங்கை. பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கொடி பறந்த காலம் அது. அவர்களுக்குச் சுண்ணாம்பு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. கோட்டை மதிலுக்குச் சுண்ணாம்பு, வீட்டுக்குச் சுண்ணாம்பு, செத்தால் புதைக்கிற மண்டபத்துக்கும் சுண்ணாம்பு. ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். இறால் குறைந்த கோடையில் குப்பம்மாள் அந்தக் கூலிக்குப் போனாள். கல்யாணம் ஆகாத பெண், ஓயாத வாய். கோட்டை வாசலில் காவல் நிற்கிற சிப்பாய் பூட்ஸ் காலை எப்படித் தூக்கி வைக்கிறான் என்று அவள் நடந்து காட்டினால் வழியில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் சுமையோடு வரும் வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். சூளை வேலையில் பழகினவர்களுக்கு அது தெரியும்; மழை என்றதும் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார்கள். குப்பம்மாள் எறியவில்லை. கொட்டகை கண்ணுக்கு எதிரே தெரிந்தது, ஓடினால் போய்விடலாம் என்று நினைத்தாள். எது நடந்தாலும் கூடையை விடாதே என்று வளர்ந்த பிள்ளை வேறு என்ன நினைக்கும்? தலைமேல் இருந்த கூடை புகைந்து, பொங்கி, ஓலை இடுக்கு வழியாக அவள் முகத்தில் வழிந்தது.

உயிர் பிழைத்தாள். இடது கண் போயிற்று. இடது கன்னத்துத் தோல் ஆறும்போது சுருங்கி, வாயை ஒரு பக்கமாகக் கழுத்தோடு இழுத்துக்கொண்டது. வாய் மூடவே மூடாது. எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். தலையை இடப்பக்கம் திருப்பவும் முடியாது. முதல் முறை கட்டு அவிழ்த்த அன்று காசியம்மாள் பார்த்துவிட்டு, தண்ணி எடுத்து வருகிறேன் என்று சொல்லிக் குடிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். இதை மறைப்பானேன்? வாயைக் கொப்பளித்துவிட்டு, சொன்னபடியே தண்ணீரோடு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து கொட்டாங்குச்சியில் கூழை எடுத்து, நல்லா இருந்த வலப்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். குப்பம்மாள் பேசுவது மற்றவர்களுக்கு விளங்காது. காசியம்மாளுக்கு மட்டும் எப்படியோ விளங்கியது.

புண் ஆறி, குப்பம்மாள் மறுபடி ஏரியில் இறங்க வந்த அன்று வரிசையின் தலைவன் ராமன் கையை நீட்டித் தடுத்தான். எல்லோரையும் இடம் பார்த்து நிறுத்துகிறவன் அவன்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கோழை.

"வேணாம் மாரி. கன்னியம்மா தண்ணி இது. இந்த மூஞ்சியோட எறங்குனா எறா ஒதுங்கிடும்" என்றான்.

மாரி தலை குனிந்துகொண்டான். காசியம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"எறாவுக்கு மூஞ்சி தெரியுமா மாமா? அது சேத்துக்குள்ள கீது. கைதானே தெரியும் அதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். ராமன் சிரிக்கவில்லை. "பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தெரியுது இல்ல?" என்றான். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அவர்கள் கும்பிடுகிற சாமி கன்னியம்மாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. கடைசியில், வரிசை போன பிறகு அது கலக்கிவிட்ட இடத்தில் வேண்டுமானால் அவள் தடவிக்கொள்ளட்டும் என்று முடிவானது. அதாவது மிச்சம் மீதி.

"சரி. நானும் பின்னாலயே வரேன்" என்றாள் காசியம்மாள்.

பின்னால் இறங்கியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. குப்பம்மாளால் கயிற்றைக் கடிக்க முடியவில்லை. மூடாத வாய் எதைக் கடிக்கும்? கயிறு வழுக்கிப் பறி முங்கியது. எடுத்தாள், மறுபடி முங்கியது. கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். குனிந்ததும் அதே கதி, தழும்பில் கயிறு உரசி ரத்தம் வேறு வந்தது. தண்ணீரில் உட்கார்ந்தபடி அவள் அழ ஆரம்பித்தாள். காசியம்மாள் வாயில் கயிறு இருந்தது, ஒன்றும் சொல்ல முடியாது. நகர்ந்து போய் குப்பம்மாளின் இடப்பக்கம், கண் போன பக்கம், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். குப்பம்மாளின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, தன் தாடைக்குக் கீழே இருந்த பறியின் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

அப்புறம் அவர்கள் அப்படித்தான் பிடித்தார்கள். குப்பம்மாள் சேற்றைத் தடவுவாள், அகப்பட்ட இறாலை இடது கையால் இடப்பக்கம் தூக்குவாள், விரலை விரிப்பாள். பறி அங்கே இருக்கும். திரும்பிப் பார்க்க அவளால் ஆகாது, தேவையும் இல்லை. ஊரில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்த முகம் நாள் முழுவதும் காசியம்மாளின் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த மூச்சும் எச்சிலும் அவள் தோளில் பட்டன. அவள் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

பிடித்ததைக் கோட்டைக் கடைத்தெருவில் விற்கக் காசியம்மாள் மட்டும் போவாள். குப்பம்மாள் தொட்டது என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள். ஒரு முறை அவளோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை ஒரு ஒல்லாந்துச் சீமாட்டி பார்த்துவிட்டு, பாவப்பட்டு, வேலைக்காரியிடம் ஒரு நல்ல வெள்ளைத் துணி கொடுத்து அனுப்பினாள். முகத்தை மூடிக்கொள்ள.

"இன்னாத்துக்கு மூடணும்? வேணான்னா அவங்க கண்ண மூடிக்கட்டும்" என்றாள் காசியம்மாள். ஆனாலும் துணியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவு மானஸ்தியாக இருக்க வசதி இல்லை. அந்தத் துணியை நனைத்து, வெயிலில் இறால் வாடாமல் கூடையை மூடிக்கொண்டாள். அண்ணியும் நாத்தனாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். குப்பம்மாள் சிரித்தால் அழுவதுபோல இருக்கும். காசியம்மாளுக்கு அதுவும் பழகிவிட்டது.

மாரி செத்தது திருக்கை முள் குத்தி. கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, போய்விட்டான். இழவு வீட்டில் பெண்கள் தனியாக அழுவதில்லை. ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து, பாட்டுச் சொல்லி அழுவதுதான் முறை. வந்த பெண்கள் எல்லோரும் காசியம்மாளைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். செத்தவனோடு பிறந்தவள் கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். கழுத்தில் இருந்த கைகளை உதறிக்கொண்டு எழுந்தாள். "எங்க வூட்டு சாவுல எம் நாத்தனாரக் கட்டிக்காத கை என்னையும் கட்டிக்க வேணாம்" என்றாள். போய்க் குப்பம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தக் கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதாள். அவர்கள் இருவர் மட்டும் அழுதார்கள். மற்றவர்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்குள் கைம்பெண் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கம்தான். மாசி மகத்துக்குக் கடற்கரையில் எல்லோரும் கூடும்போது சுண்ணாம்புக்குளத்துச் சடையன் அவளைக் கேட்டான். பெண்டாட்டியை இழந்தவன், சின்னப் பிள்ளைகள் இரண்டு. நல்ல உழைப்பாளி. காசியம்மாளுக்கு அவனைப் பிடித்திருந்தது; அவன் பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் நாத்தனாரும் என்கூட வருவா" என்றாள்.

"வரட்டும் காசி, நான் வேணான்னு சொல்லல. பின்னால தனியா ஒரு குடிசை போட்டுத் தரேன். சோறு அங்கியே குடுத்துடு. பசங்க பயப்படும் பாரு, அதுக்குத்தான்" என்றான் சடையன்.

அவன் சொன்னது அநியாயம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பயந்துதான் போயின. குப்பம்மாளைக் கண்டதும் சின்னது வீறிட்டு அழுதது. காசியம்மாள் மடியில் இருந்த குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் குப்பம்மாள், போ அண்ணி, நான் எப்படியாவது இருந்துக்கறேன் என்று தன் குழறும் பேச்சில் சொன்னாள்.

"எப்படி இருந்துப்ப? எந்தப் பறியில போடுவ?" என்று கேட்டாள் காசியம்மாள். கோபமாகத்தான் கேட்டாள். சடையனை நினைத்து அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்தது. ஆசை இல்லாதவள் விட்டுக்கொடுத்த மாதிரி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வருஷங்கள் போயின. காசியம்மாளின் பல் ஆட ஆரம்பித்தது. பறி கனத்தால் ஈறு நோகும், கயிற்றில் ரத்தம் இருக்கும். அதோடு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இருமல் வேறு. தனக்கு அப்புறம் குப்பம்மாளுக்கு யார் என்பதே அவளுக்கு ஒரே கவலையாகிவிட்டது. ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி, பார்க்கலாம் என்றாள். ஒருத்தி, ஐயோ எனக்குப் பயமா இருக்கு என்று உண்மையைச் சொன்னாள். பெரும்பாலானவர்கள், உனக்கு ஒன்றும் ஆகாது என்று பேச்சை மாற்றினார்கள்.

கடைசியில் ராமனின் மகள் ராஜாத்தியைக் கேட்டாள். ராஜாத்தி இளகின மனசுக்காரி. குப்பம்மாளுக்குக் கூழ் கொண்டுவந்து வைப்பவள், வைத்துவிட்டு ஓடாமல் கொஞ்சம் நிற்கிறவள்.

"நைனா இன்னா சொல்லுமோக்கா. என்னிய வரிசைய வுட்டு அனுப்பாது" என்றாள் ராஜாத்தி.

"உங்க நைனாவ நான் கேக்கல. உன்னியக் கேக்கறேன்."

ராஜாத்தி கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாடைக்காற்று அடித்து மழை பிடித்த மாதத்தில் காசியம்மாள் படுத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. ராஜாத்தி பார்க்க வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

"இடப்பக்கம் நில்லு. அவ அந்தப் பக்கந்தான் கையத் தூக்குவா. வலப்பக்கம் நின்னா அவளுக்குத் தெரியாது. வேற ஒண்ணும் செய்ய வேணாம், பேசக்கூட வேணாம். இடப்பக்கம் நின்னாப் போதும்."

"சரிக்கா" என்றாள் ராஜாத்தி. மூலையில் உட்கார்ந்திருந்த குப்பம்மாளும் அதைக் கேட்டாள். மறுநாள் காலையில் காசியம்மாள் இறந்துபோனாள்.

இழவு வீட்டில் ராஜாத்திதான் முதலில் எழுந்து போய்க் குப்பம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அப்புறம் எல்லோரும். மாரி செத்தபோது காசியம்மாள் சொன்ன சொல் யாருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது. அத்தனை வருஷம் தொடாத கைகள் எல்லாம் அன்று தொட்டன. குப்பம்மாள் அவர்கள் நடுவில் உட்கார்ந்து குழறிக் குழறி அழுதாள். என்ன சொல்லி அழுகிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்குகிறவள் போய்விட்டாள். எனக்கு அந்த அழுகையை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சாவு வீட்டில் கை நீளாதவர்கள் யார்? பாடையோடு முடிந்துபோகிற பாசத்துக்குச் செலவே இல்லையே.

செத்தவரின் பறியைப் புதைத்த இடத்தில் கவிழ்த்து வைப்பது வழக்கம். காசியம்மாளின் பறியையும் கவிழ்த்தார்கள். குப்பம்மாள் வீட்டில் வேறு பறி இல்லை. இத்தனை காலம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

காரியம் முடிந்து, மழையும் ஓய்ந்து, வரிசை மறுபடி ஏரிக்கு வந்தது. குப்பம்மாளும் வந்தாள், வெறுங்கையோடு. கரையில் ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி பறிக் கயிற்றை ஏற்கெனவே கடித்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். குப்பம்மாளுக்கு அது போதும். வரிசை போகிற தடத்துக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், தண்ணீரில் இறங்கி முழங்காலிட்டாள். இடப்பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

இதற்கு மேல் நடந்ததை ராஜாத்தியே பிற்பாடு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராமன் கை காட்டி எல்லோரையும் நிறுத்தினான். மகளையும் வரிசையில் அவள் இடத்தில் நிறுத்தினான். இந்த ஒரு தடவை இப்படிப் போய்விட்டு அப்புறம் பின்னால் போகலாம், நைனா கரை ஏறட்டும் என்று நினைத்தாள். வரிசை நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

குப்பம்மாள் சேற்றைத் தடவிக்கொண்டு வந்தாள். ஒரு இறால் அகப்பட்டது. நல்ல பெரிய இறால், வரிசையிலிருந்தே தெரிந்ததாம். இடது கையால் இடப்பக்கம் தூக்கினாள். ஒரு பெண்ணின் தாடை இருக்க வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, விரலை விரித்தாள். இறால் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அந்தப் பக்கம் அவளுக்குக் கண் இல்லை, கழுத்தும் திரும்பாது. பக்கத்தில் ராஜாத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ராஜாத்தி கூப்பிட நினைத்தாள். வாயில் பறி இருந்தது. வாயைத் திறந்தால் அதுவரை பிடித்தது அத்தனையும் போய்விடும். அவளுக்கும் அந்தப் பாடம் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அவள் பறியை விடவில்லை.

குப்பம்மாள் இன்னொரு இறாலைப் பிடித்து, இடப்பக்கம் தூக்கி, விரலை விரித்தாள்.